இடது சீட்டுக்கு இரண்டு அங்குலம்

செம்மொழி சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய அன்று ஊரில் பாதிப் பேர் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். மீதிப் பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என்பதால் நான் அவள் பக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் சொந்தமாக அறுவடை மிஷின் வைத்துத் தானே ஓட்டும் பெண் அவள். பதினோரு வருடம் நெல்லுக்குள் மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்தில் போனவளுக்கு ஒரு நாளாவது வேகமாகப் போக ஆசை வராதா? பழையதுதான் என்றாலும் டர்போ வண்டி.

அவள் அம்மா ராசம்மாள் மட்டும் எட்டு மாதமாக அந்தக் காரில் ஏறவே இல்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால், "நீ முன்னால போ, நான் பஸ்ஸுல வரேன்" என்பார். "ஒரு மூட்டை நெல்லு ஏத்த முடியாது, இது ஒரு வண்டியா?" என்பார். இத்தனைக்கும் மிஷினின் ஏணியைப் பிடித்து ஏறி, மகள் பக்கத்தில் நின்று வயலைச் சுற்றி வருவதென்றால் அவருக்கு அலாதிப் பிரியம். நாற்று நட்டே மகளை டிப்ளமோ படிக்க வைத்தவர். அவருக்குப் பிடிக்காததை வாங்கிவிட்டோமே என்று செம்மொழிக்கு உள்ளுக்குள் உறுத்தல். ஆனால் ரோஷக்காரி, வாயைத் திறந்து கேட்க மாட்டாள்.

காரில் முதலில் எதை மாற்றுவது என்பதிலேயே அவள் புத்தி சுற்றிக்கொண்டிருந்தது. தஞ்சாவூர் பைபாஸில் பட்டறை வைத்திருக்கும் நாகூர்க்காரர் சமீர் ஒரு பட்டியல் சொல்லியிருந்தார்: திறந்த ஏர் ஃபில்டர், சத்தமான சைலன்சர், காரை ஒன்றரை அங்குலம் தணிக்கும் ஸ்பிரிங். ஃபில்டரை அவள் உடனே தள்ளிவிட்டாள். "மாசியில எங்க ரோட்டுக்கு வந்து பாருங்க பாய். காத்து பூரா பதரும் தூசியும்தான். அத்தனையும் டர்போ குடிக்கும். மிஷின்ல பட்டுட்டேன்" என்றாள். சைலன்சரா? "அம்மா வீட்டை விட்டே கெளம்பிடும்." மிஞ்சியது ஸ்பிரிங். தணிந்த கார் வளைவில் சாயாது, பார்க்கவும் எடுப்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாட்டுவதென்று முடிவானது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வயலில் மிஷினின் ஹைட்ராலிக் குழாய் வெடித்தது. வேறு குழாய் எடுக்க வீட்டுக்கு வந்தவள் படலருகே நின்றுவிட்டாள். கொட்டகையில் காரின் இடது கதவு திறந்திருந்தது. ராசம்மாள் ஒரு கையால் கதவையும் மறு கையால் கூரை விளிம்பையும் பிடித்துக்கொண்டு, முழங்காலை மெல்ல மடக்கி சீட்டில் உட்காரப் பார்த்தார். பாதிவரை போனார். சீட் இன்னும் கீழே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். மறுபடியும் முயன்றார். மூன்றாவது தடவை முடியாமல் போனதும், கூரையில் பதிந்திருந்த கை அடையாளத்தை முந்தானையால் துடைத்தார்.

திரும்பியவர் மகளைப் பார்த்துவிட்டார்.

"கதவு சரியா சாத்தாம கெடந்துது. சாத்தலாம்னு வந்தேன்."

"சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் குழாயை எடுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் அழுததாக அன்று மதியம் என்னிடம் சொன்னாள். "பிடிக்கலைன்னு நெனச்சேன். அவ்வளவு கீழ உக்கார முட்டி மடங்கலைன்னு தெரியாமப் போச்சு."

"தெரியாமப் போச்சா, கேக்காமப் போச்சா?" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

சாயந்திரமே சமீருக்குப் போன் போட்டாள். "ஸ்பிரிங் வேணாம் பாய். இடது சீட்டை ரெண்டு அங்குலம் தூக்கணும்."

"எல்லாரும் தணிக்கத்தான் வருவாங்க. தூக்கச் சொல்ற முதல் ஆளு நீங்கதான்" என்றார் சமீர். சனிக்கிழமை சீட்டுக்கு அடியில் கனமான இரும்புக் கட்டை கொடுத்து, ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை இறுக்கிப் பார்த்து அனுப்பினார். கைப்பிடியைச் செம்மொழியே செய்தாள். மிஷின் ஏணியில் இருப்பது போன்ற பிடி. கதவுப் பூட்டு மாட்டும் வளையத்தில் செருகிப் பிடித்து உட்கார்ந்துவிட்டு, கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் முதலிலேயே பின்னால் புகுந்து, காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, கதவு சரியா சாத்த மாட்டேங்குது. வந்து பாரேன்" என்று கூப்பிட்டாள் செம்மொழி.

ராசம்மாள் வந்தார். கைப்பிடியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மகளை ஒரு பார்வை பார்த்தார். பிடியைப் பற்றி உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொண்டார்.

"இப்ப சாத்து."

தஞ்சாவூர் ரோட்டில் செம்மொழி நாற்பதைத் தாண்டவில்லை. ஒரு மினி லாரி எங்களை முந்திக்கொண்டு போனது.

"மிஷின்ல போற மாதிரியே போறியேடி" என்றார் ராசம்மாள்.

அவள் மிதித்தாள். டர்போ விசிலடித்தது. எங்கள் மூவரின் முதுகும் சீட்டில் ஒட்டிக்கொண்டது. அடுத்த வாய்க்கால் பாலம் வரை ராசம்மாள் மடியிலிருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். பயந்துவிட்டாரோ என்று எனக்குக் கவலை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி அவர் சொன்னார்.

"நான் ஏறக் கூடாதுன்னுதான் இப்படி ஒரு வண்டி வாங்குனியோன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

செம்மொழியின் கால் தன்னால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்தது. காரின் வேகம் தளர்ந்தது.

"காலை ஏன் எடுத்த?" என்றார் ராசம்மாள்.