மோர்டன் அண்ணையும் எங்கள் குவாட்டர்பேக்கும்

அந்த வீடியோ கசெட்டின் முதுகில் நான் ஒன்றும் எழுதுவதில்லை. எழுதினால் மோர்டன் அண்ணைக்குப் பிடிக்காது. யாரோடு யார் ஆடியது என்று மட்டும் எழுதினால்கூட, என் கையெழுத்தைப் பார்த்தே யார் வென்றது என்று தனக்குப் பிடிபட்டுவிடும் என்பார். ஆகவே பெயரில்லாத அந்தக் கறுப்புக் கசெட்டைக் கடைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, செவ்வாய்க்கிழமைகளில் குட்மேய்ஸிலிருந்து மோர்டனுக்குக் கொண்டுபோவேன். லண்டனின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போகிற பயணம் அது. முதலில் மேலே ஓடுகிற ரயில், பிறகு நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரயில், அதிலும் கடைசித் தரிப்பிடம். மடியில் பையை வைத்துக்கொண்டு, என்ன படம் என்று பக்கத்தில் இருப்பவர் யாராவது கேட்டால் நன்றாக இருக்குமே என்று நினைப்பேன். ஒருவரும் கேட்டதில்லை. இந்த ஊரில் பக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்பது பெரிய குற்றம்.

மோர்டன் அண்ணை எனக்குச் சொந்தமில்லை. மன்னார்க்காரர், கத்தோலிக்கர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எண்பதுகளின் நடுவில், வந்த புதிதில், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரே அறையில் இருந்தோம். பிறகு நான் குட்மேய்ஸில் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்தேன். அவரும் என்னோடு வந்து சிலகாலம் இருந்தார். பெற்றோல் நிலையத்தில் வேலை கிடைத்ததும் மோர்டனுக்குப் போனார். அவர் போனபின் வீட்டில் பேசுவதற்கு என்னிடம் தொலைக்காட்சி மட்டும்தான் மிஞ்சியது.

அமெரிக்க உதைபந்தை எங்களுக்குக் காட்டித்தந்ததும் பார்க்கிங் அறையிலிருந்த தொலைக்காட்சிதான். கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தலையில் சட்டி கவிழ்த்த மாதிரி ஆட்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். உதைபந்து என்று பெயர், ஆனால் யாரும் பந்தை உதைப்பதாகத் தெரியவில்லை. கடும் நிறச் சட்டை போட்டவர்களை அடையாளம் காண்பது சுலபமாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக அண்ணை அவர்கள் பக்கம் சேர்ந்தார். நானும் சேர்ந்தேன். பிறகு கலர் பெட்டியில் பார்த்தபோதுதான் அது எங்கள் இருவருக்கும் பிடிக்காத நிறம் என்று தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்த அணி தோற்பதில் வலு கெட்டிக்கார அணி என்பதும் பிறகுதான் தெரிந்தது.

தோல்விக்குக் காரணம் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. குவாட்டர்பேக் சரியில்லை. பந்தைக் கையில் வாங்கி, இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று தீர்மானிக்கிறவன் அவன். நல்ல ஒருத்தன் அமைந்தால் அணியையே அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் பத்து வருடம் நிம்மதியாக இருக்கலாம். எங்கள் அணிக்கு அப்படி ஒருத்தன் அமையவே இல்லை. அவனை எங்கே தேடுவது என்பதுதான் எங்கள் வாழ்நாள் வழக்கு. பருவ முடிவில் கடைசியாக வருகிற அணிக்குப் பல்கலைக்கழகப் பெடியன்களில் முதல் தெரிவு கிடைக்கும். நல்ல பெடியன் ஒருத்தனை எடுத்து, இரண்டு வருடம் களத்துக்கு வெளியே வாங்கில் இருத்திப் பழக்கி, பிறகு களத்தில் இறக்க வேண்டும் என்பது அண்ணையின் கட்சி. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வேறு அணியில் வென்று காட்டிய ஒருத்தனை, வயது போனவன் என்றாலும், விலை கொடுத்து எடுக்க வேண்டும் என்பேன்.

"ஆயத்தமா வாறவன் ஆயத்தமாவே போயிடுவான் தம்பி. எங்கடை கையிலை வளந்தவன்தான் எங்களோடை நிப்பான்" என்பார் அண்ணை.

"அவன் வளருறதுக்குள்ளை எங்களுக்கு நரைச்சுப்போம் அண்ணை."

"நரைக்கட்டும். இப்ப என்ன அவசரம்?"

எங்கள் சனத்தில் வேறு யாருக்கும் இந்த விளையாட்டுத் தெரியாது. கொண்டாட்டங்களுக்குப் போனால் ஒரு மேசையில் கிரிக்கெட், இன்னொரு மேசையில் நாட்டுப் பிரச்சினை, மூலையில் நாங்கள் இரண்டு பேர். ஒருமுறை மோர்டனில் தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய ஒரு பிள்ளையின் விருந்துக்கு அண்ணை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடதாசித் தட்டில் ஐந்து மீன் ரோல்ஸை வரிசையாக வைத்தார். அதுதான் முன்வரிசை. அதற்குப் பின்னால் ஒரு லட்டு. அதுதான் குவாட்டர்பேக். பக்கத்தில் இரண்டு பற்றிஸ். எதிர்ப்பக்கம் வடைகள். லட்டை எந்தப் பக்கத்தால் தாக்குவார்கள் என்று அவர் விரலால் காட்டிக்கொண்டிருந்தபோது, எல்லா மேசைக்கும் போய்ச் சுகம் விசாரித்துக்கொண்டு வந்த பாதர் எங்களிடமும் வந்தார். "எப்பிடி, சுகமாயிருக்கிறியளோ?" என்று கேட்டபடி லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். பாதரிடம் என்னவென்று சொல்வது. அண்ணை வெறுமையான இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாத்தியோ, இதுதான் எங்கடை அணியின்ரை பிரச்சினை. கிடைச்ச ஒருத்தனையும் காப்பாத்தத் தெரியாது" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் கிரிக்கெட் மேசை திரும்பிப் பார்த்தது.

அண்ணை எதற்கும் அவசரப்படாதவர். அவசரப்பட்டிருந்தால் அவரால் உயிரோடு இருந்திருக்க முடியாது. கலியாணம் செய்து சில மாதங்களில் மனைவியை மன்னாரில் விட்டுவிட்டு வந்தவர். பின்னால் கூப்பிடலாம் என்ற நினைப்பு. அகதி வழக்கு இழுபட்டது. வழக்கு முடிந்த பிறகு அண்ணியின் விசா இழுபட்டது. ஊரில் சண்டை மூண்டபோது அண்ணி வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், முகாமில் இருந்து, திரும்பி வந்தார். விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அண்ணை மனு எழுதுகிறவரிடம் போவார், கையெழுத்துப் போடுவார், வேலைக்குப் போவார். அவள் வந்திடுவாள் என்பார். அந்த ஒரு வசனத்தில்தான் அவர் குடியிருந்தார்.

மோர்டனில் அவர் இருந்த வீட்டுச் சொந்தக்காரன் தொலைபேசியைத் தன் அறைக்குள் பூட்டி வைத்திருந்தான். ஆகவே அண்ணியிடம் இருந்தது என் வீட்டு இலக்கம்தான். அண்ணி எடுத்துச் சொல்லுகிறதை நான் கொண்டுபோய் அண்ணையிடம் சொல்லுவேன். முகம் தெரியாத அந்த மனுசியின் குரல் அந்த வருடங்களில் அவரைவிட எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. "தம்பி, சாப்பிட்டனீங்களோ?" என்றுதான் தொடங்குவார். லண்டனில் என்னை அப்படிக் கேட்டது அந்தக் குரல் ஒன்றுதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தொண்ணூறுகளில் என் வீட்டுச் சுவரில் செய்மதித் தொலைக்காட்சித் தட்டுப் பூட்டியபின், எங்கள் அணியின் ஆட்டம் சிலவேளை முழுதாகவே வரும். அண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஷிப்ட். நான் பதிவு செய்து வைத்துச் செவ்வாய்க்கிழமை கொண்டுபோவேன், அன்று இருவருக்கும் லீவு. அதுவரைக்கும் அவர் முடிவைத் தெரிந்துகொள்ளாமல் ஒளித்துத் திரிவார். பெற்றோல் நிலையத்தில் காலையில் பத்திரிகைகளை அடுக்குகிற வேலை அவருடையது. விளையாட்டுப் பக்கத்தை உள்ளே மடித்து அடுக்குவார். நான் வாசலில் நின்றால் முதலில் என் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்புவார். "உன்ரை முகத்திலை ஸ்கோர் எழுதியிருக்கும்" என்பார். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்ப் பக்கவாட்டில் இருப்பேன். இப்போது முடிவுகள் கேட்காமலே கைபேசியில் வந்து விழுகின்றன. பார்த்துவிட்டு அணைத்து வைக்கிறேன். சொல்லுவதற்கும் ஆளில்லை, ஒளிப்பதற்கும் ஆளில்லை.

அந்தத் தொண்ணூறுகளில் ஒரு வருடம் இரண்டு நல்ல காரியம் ஒன்றாக வந்தது. அண்ணியின் விசா விசாரணை முடிந்து, கிடைக்கும் போலிருக்கிறது என்று கொழும்பிலிருந்து தகவல் வந்தது. அண்ணை அறையை விட்டு, தனிக் குசினியுள்ள சின்ன பிளட் ஒன்றுக்கு மாறினார். ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கக் கடைக்கு என்னைக் கூட்டிப்போய், "அவளுக்கு என்ன நிறம் பிடிக்குமெண்டு நினைக்கிறாய்?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும். கடைசியில் நீலம் எடுத்தோம். அதே நேரத்தில் எங்கள் அணியும் அண்ணை சொன்ன மாதிரியே ஒரு பெடியனை எடுத்து, வாங்கில் இருத்தி வைத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல்முதலாகக் களத்தில் இறக்கியது. தொடக்கத்திலிருந்து கடைசிவரை பதிவு செய்தேன். கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு பார்த்தேன் என்றே சொல்லலாம். அண்ணையின் கட்சி வென்றுவிட்டதே என்று எனக்கு எரிச்சலும் வந்தது.

மறுநாள் கொழும்பிலிருந்து அண்ணி தொலைபேசி எடுத்தார். சாப்பிட்டனீங்களோ என்று அன்று கேட்கவில்லை.

"தம்பி, விசா வந்திட்டுது. நான் வரேல்லையெண்டு அவரிட்டைச் சொல்லிவிடுங்கோ."

ஒன்றும் விளங்காமல் ஏன் என்று கேட்டேன்.

"எத்தினை வருசம் போட்டுது. அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்குமெண்டதே எனக்கு மறந்துபோச்சு. அங்கை வந்து, தெரியாத ஒரு ஆளோடை முதல்லையிருந்து தொடங்க இனி எனக்கு ஏலாது. நான் திரும்பி மன்னாருக்குப் போறன். அங்கை பள்ளிக்கூடத்திலை என்னைத் தேடுற பிள்ளையள் இருக்குதுகள். அவரிலை ஒரு பிழையுமில்லை எண்டும் சொல்லுங்கோ. அவரிட்டை நேர சொல்ல எனக்கு வாய் வராது."

செவ்வாய்க்கிழமை கசெட்டை எடுத்துக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போக எனக்குத் துணிவில்லை. கதவைத் திறந்த அண்ணை என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"தோத்திட்டமோ? சொல்லாதை, சொல்லாதை! பெடியன் சொதப்பிப்போட்டானோ? நான் இன்னும் பாக்கேல்லை."

"அண்ணை, இது மட்ச் இல்லை..."

"வாயைத் திறவாதை எண்டெல்லோ சொல்லுறன். உள்ளை வா."

என் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கதிரையில் இருத்தினார். கசெட்டைப் போட்டார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். சரியா பிழையா என்று பிறகு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த மனுசனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைப்பேன்.

நீலத் திரைச்சீலை வழியாகப் பகல் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. தோல்வி என்று முடிவு கட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தவர், பெடியனின் முதல் எறிதலிலேயே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பெடியன் விழுந்தால் "பறவாயில்லை, எழும்பு ராசா" என்றார். எழும்பி எறிந்தால் என் தொடையில் அடித்தார். அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை. அவர் சிரிக்கிறதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நிமிடத்தில் பெடியன் தூர எறிந்த பந்து போய்ச் சேரவேண்டியவன் கையில் சேர்ந்தது. வென்றுவிட்டோம். அண்ணை கையைத் தூக்கிக்கொண்டு எழும்பி நின்றார்.

"எனக்குத் தெரியும்! பொறுத்திருந்தால் வரும் எண்டு சொன்னனானோ இல்லையோ?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப ஏன்டா செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரி வாசல்லை நிண்டனி?"

"அண்ணி நேற்று எடுத்தவ, அண்ணை."

அவர் முகம் இன்னும் மலர்ந்தது. "பிளைட் எப்பவாம்?"

சொன்னேன். அண்ணி சொன்ன மாதிரியே, ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் மெதுவாகக் கதிரையில் இருந்தார். கசெட் முடிந்து, இயந்திரம் தானாகவே பின்னால் சுற்றத் தொடங்கியது. அது சுற்றி நின்றதும் கசெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அழுதவளோ?"

"இல்லை அண்ணை. தெளிவாத்தான் கதைச்சவ."

அழுதார் என்று நான் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் அவளுக்கு என்ன பிடிக்குமெண்டு தெரியாது தம்பி" என்றார். பிறகு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார். எனக்கு ஒரு கோப்பை, தனக்கு ஒரு கோப்பை.

அந்தப் பெடியன் அண்ணை சொன்ன மாதிரியே எங்கள் அணியோடு நின்று பல வருடம் ஆடினான். எங்கள் வழக்கில் அண்ணைக்குத்தான் வெற்றி. நான் அதை ஒத்துக்கொண்டபோது அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். வேறு கலியாணம் பேசி வந்தவர்களிடமும் அப்படித்தான் தலையை ஆட்டி அனுப்பினார். கடைசிவரை அந்த பிளட்டிலேயே இருந்தார்.

அண்ணி சொன்னதை அவரிடம் சொன்னதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, போகத்தான் வேண்டுமோ என்று யோசித்தேன். கேட்பதற்கு அவரிடம் தொலைபேசியும் இல்லை. ஆகவே வழக்கம்போல் கசெட்டைப் பையில் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். திறந்ததும் நானாகவே சுவர்ப் பக்கம் திரும்பினேன். அண்ணை என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"வெண்டதோ, தோத்ததோ?"

"அண்ணை, நீங்கள் இன்னும் பாக்கேல்லையே."

"சொல்லிப்போட்டு உள்ளை வா. தெரியாமல் இருந்து பாக்க இனி எனக்கு ஏலாது."

"தோத்திட்டம்" என்றேன்.

"ஓம்" என்று சொல்லி அண்ணை வழிவிட்டார்.