கிணற்றடிச் சாமந்தி

பால்கனித் தொட்டியில் சாமந்தியின் நுனியைக் கிள்ளிவிட்டு விரலை முகர்ந்தேன். பச்சையும் கசப்புமான அந்த வாசனை என்னை மேனாம்பேட்டு வீட்டுக் கிணற்றடிக்கே கொண்டுபோய்விட்டது.

அங்கே அம்மா மஞ்சள் சாமந்தி வளர்த்தாள். அப்பா சாமி படத்துக்கு அந்தப் பூவைத்தான் வைப்பார். பூத்து ஓய்ந்ததும் அம்மா செடியைத் தரையோடு வெட்டிவிடுவாள்; வேரிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் புதிதாய் வந்த சித்திக்கு இது தெரியாது. போகிக்குச் சுத்தம் செய்தவள், காய்ந்த கட்டைதானே என்று எல்லாவற்றையும் பிடுங்கி நெருப்பில் போட்டுவிட்டாள்.

"செடி இன்னா ஆச்சு?" என்று அப்பா அதட்டினார். சித்தி அம்மாவின் பின்னால் ஒதுங்கினாள்.

"நான்தான் புடுங்கச் சொன்னேன். ஒரே பூச்சி," என்றாள் அம்மா.

அதன்பிறகு சித்தி கிணற்றடிப் பக்கம் போகவே கூசினாள். ஆடியில் ஒருநாள் அம்மா கூவினாள்: "இங்க வந்து பாரு கமலா, ஒரு வேரு உள்ளயே இருந்துக்கீது. துளுத்துகினு வருது!" சித்தி ஓடிப்போய்ப் பார்த்து அழுதேவிட்டாள். அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றுவதும் நுனி கிள்ளுவதும் அவள்தான்.

கார்த்திகையில் மொட்டு விரிந்தது. பூ வெள்ளை.

யாருக்கும் தெரியாமல் வேறு கன்றை வாங்கி நட்டிருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சித்தி பூவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நம்ம செடியேதான்க்கா," என்றாள்.

என் தொட்டியில் இருப்பது அதன் கன்று. கொடுக்கும்போது சித்தி சொன்னாள்: "உங்கம்மா வச்ச பழைய வேரு. பத்திரமா பாத்துக்கோ."