வீட்டுக்கு ஓர் உறை

பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய அரசியல் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். இதைப் படித்து என்ன வேலை எடுக்கப் போகிறாய் என்பது ஒரு பார்வை. பாவம், நேர்சிங் கிடைக்கவில்லைப்போல என்பது மற்றது. இரண்டுக்கும் நான் பதில் சொல்வதில்லை. அம்மா ஐந்தாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவர். அவருடைய அண்ணன், அதாவது என் மாமா, எட்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் போன முதல் ஆள் நான். என்ன படிப்பது என்பதையும் நானே தெரிவு செய்தேன். சொந்தக்காரரில் பாதிப் பேர் பாரிசிலும் ஜெர்மனியிலும் சுவிசிலும் இருக்கிறார்கள். அங்கே ஒரு தேர்தல் வந்தால் எங்கள் வட்ஸ்அப் குழுவில் சமையல் படங்கள் நின்றுபோய் விசாக் கதை தொடங்கிவிடும். ஐரோப்பா எனக்குத் தூரத்து விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை.

போன வருடம் பல்கலைக்கழகத்தில் நான் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். தேர்தலில் வென்று வந்த அரசுகள், பிறகு நீதிமன்றங்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொன்றாகக் கைக்குள் போட்டுக்கொள்வது பற்றியது. ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல், எல்லாம் சட்டப்படி, நாடாளுமன்றத்தில் கை உயர்த்தியே செய்வார்கள். வகுப்பில் நான் இதை வாசித்தபோது ஒரு மாணவன் கேட்டான். சனம் வாக்குப் போட்டுத்தானே அவர்கள் வந்தார்கள், கூடுதலான பேர் விரும்பியது நடக்கிறது, இதில் ஜனநாயகத்துக்கு என்ன குறை என்றான். நான் நீளமாகப் பதில் சொன்னேன். சொல்லும்போதே அது போதாது என்று எனக்குத் தெரிந்தது.

சரியான பதில் எனக்கு நாங்கள் குடியேறிய ஸ்காபரோவில், எங்கள் ஊர்ச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் கிடைத்தது.

நானும் அம்மாவும் மாமா வீட்டு பேஸ்மெண்டில் இருக்கிறோம். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஊரிலிருந்து வந்தோம். அம்மா அன்றிலிருந்து பக்கத்து மார்க்கம் நகரில் அலுவலகங்கள் துப்புரவு செய்கிறார். எனக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. ஊர்ச் சங்கம் சனிக்கிழமைகளில் ஒரு சமூக நிலையத்தில் அறை எடுத்து, படித்த பெடியன் பெட்டைகளைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது. நான் முதன்முதலாக ஆங்கிலத்தில் ஒரு பந்தியை முழுதாக வாசித்தது அந்த அறையில்தான். என்னைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா சும்மா இருக்க மாட்டாமல் தேத்தண்ணி போடத் தொடங்கினார். நான் வளர்ந்து, படித்து, அதே வகுப்பில் சொல்லிக் கொடுக்கவும் தொடங்கிவிட்டேன். அம்மா தேத்தண்ணியை விடவில்லை. கிழமையில் ஐந்து நாள் ஆளில்லாத கட்டடங்களில் வேலை செய்கிறவரை, முப்பது பிள்ளைகள் "அன்ரி, அன்ரி" என்று சுற்றி நிற்கும் ஒரே இடம் அது.

இலையுதிர்காலம் தொடங்க முதல் சங்கத்தின் கடிதம் வந்தது. வழக்கம்போல வீட்டுக்கு ஓர் உறை, மாமாவின் பெயருக்கு. மாமா மேலே சமையலறையில் நின்றபடி சத்தமாக வாசித்தார். ஆண்டு விழா ஒத்திகைக்கு இடம் தேவைப்படுவதால் சனிக்கிழமை வகுப்பை நிறுத்துவது பற்றிப் பொதுக்கூட்டத்தில் முடிவெடுக்கப்படும் என்றிருந்தது. அம்மா கறிச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை நிறுத்தினார்.

"நான் வேண்டாம் எண்டு கை உயர்த்தலாமோ, அண்ணை?"

மாமா சிரிக்கவில்லை. உண்மையிலேயே விளங்காதவர் போலப் பார்த்தார். கார்ட் ஒன்றுதானே என்றார். எங்கள் சங்கத்தில் வீட்டுக்கு ஓர் அங்கத்துவ அட்டை, அட்டைக்கு ஒரு வாக்கு. எங்கள் வீட்டின் அட்டை மாமாவினுடையது. தலைவர் மாமாவின் கூட்டாளி. மாமா எந்தப் பக்கம் கை உயர்த்துவார் என்பது கேட்கத் தேவையில்லாத விஷயம். அம்மா திரும்பவும் தண்ணீரைத் திறந்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்கமுடியவில்லை.

மாமாவின் கோப்பிலிருந்து சங்க யாப்பை, அதாவது சங்கத்தின் விதிகளை, எடுத்துக் கீழே கொண்டுபோய் வாசித்தேன். ஏழு பக்கம், பழைய தட்டச்சு. ஊரில் பிறந்தவர் அல்லது அவர்களின் வழிவந்தவர், பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவரும் அங்கத்தவர். ஒவ்வொரு அங்கத்தவருக்கும் ஒரு வாக்கு. வீடு என்ற சொல்லோ குடும்பம் என்ற சொல்லோ ஏழு பக்கத்திலும் இல்லை. இரண்டு தரம் தேடினேன்.

கூட்டம் ஞாயிறு பின்னேரம். முன்வரிசைகளில் ஆண்கள் அட்டையோடு, பின்னால் ரோல்ஸ் பலகாரத் தட்டுகளுக்குப் பக்கத்தில் பெண்கள். வகுப்பு விஷயம் வந்ததும் நான் எழும்பினேன். இங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன். யாப்பில் தொடங்கியிருக்க வேண்டியவள் ஐரோப்பாவில் தொடங்கினேன். பெரும்பான்மை என்றால் என்ன, நீதிமன்றம் ஏன் தேவை, பத்திரிகை ஏன் தேவை என்று என் கட்டுரை முழுவதையும் அந்த மண்டபத்தில் இறக்கினேன். ஐந்து நிமிடத்தில் ஆட்கள் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். தலைவர் பொறுமையான மனிதர். கடைசியில் அவரும் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பிள்ளை, உது ஐரோப்பாப் பிரச்சினை. எங்கட பிரச்சினை நாலரைக்கு ஹோல் திருப்பிக் குடுக்கிறது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நான் உட்காரவில்லை. யாப்பை விரித்து மூன்றாம் பிரிவை மட்டும் வாசித்தேன். இரண்டு வசனம். போனைப் பார்த்தவர்கள் நிமிர்ந்தார்கள். அப்படியென்றால் வீட்டுக்கு ஒரு வாக்கு எங்கிருந்து வந்தது என்று யாரோ கேட்டார்கள். மாமா எழும்பினார். அவர்தான் சங்கத்தின் முதல் செயலாளர்.

"அது என்ர வேலை. முதல் வருசம் இருநூறு பேருக்குக் கார்ட் எழுதக் கை ஏலேல்லை. வீட்டுக்கு ஒண்டு எழுதி, வீட்டுக்கு ஒரு உறையில போட்டு அனுப்பினன். பிறகு அது அப்பிடியே நிண்டிட்டுது."

"அண்ணையின்ர கை நோவு சட்டமாப் போச்சு" என்றார் பின்னாலிருந்து ஒருவர். மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

தலைவர் இதை நல்லபடி முடிக்க நினைத்தார். சரி, ஆளுக்கு ஒரு வாக்குக் கொடுப்பதா இல்லையா என்று வாக்கெடுத்துவிடுவோம், கார்ட் உள்ளவர்கள் கை உயர்த்துங்கள் என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் நான் படித்த ஒரு விஷயம் சட்டென்று ஞாபகம் வந்தது. சுவிஸ் மலைகளில் ஒரு சின்ன மாநிலம் இருக்கிறது. அங்கே ஆண்கள் ஆண்டுதோறும் சதுக்கத்தில் கூடிக் கை உயர்த்தி முடிவெடுப்பார்கள். பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று அந்த ஆண்களிடமே கேட்டார்கள். வேண்டாம் என்று திரும்பத் திரும்பக் கை உயர்த்தினார்கள். கடைசியில் நாட்டின் உயர் நீதிமன்றம்தான் அந்தப் பெண்களை உள்ளே விட்டது. 1990இல் இது நடந்தபோது என் அம்மா பிறந்து வளர்ந்திருந்தார். இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது வேடிக்கையாக இல்லை.

"ஏலாது, அங்கிள்" என்றேன். "கார்ட் இல்லாத ஆக்களுக்கு வாக்கு இருக்கோ எண்டு கார்ட் உள்ள ஆக்களிட்டக் கேக்க ஏலாது."

சத்தம் கூடியது. அப்போது மாமா தன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார். அம்மாவிடம் நீட்டினார். இந்தா, நீயே கை உயர்த்து, நான் பேசாமல் இருக்கிறேன் என்றார். அது உண்மையான அன்பு. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. வாங்குங்கோ அம்மா என்று என் மனம் சொன்னது. அந்த ஒரு வாக்கு எங்களுக்குத் தேவையாக இருந்தது.

அம்மா கையை மடியிலேயே வைத்திருந்தார்.

"உங்கட வாக்கை நீங்கள் போடுங்கோ, அண்ணை. எனக்கு என்ரது வேணும்."

மெல்லிய குரலில்தான் சொன்னார். ஆனால் பின்வரிசை முழுக்கக் கேட்டது. அவருக்குப் பக்கத்திலிருந்த பெண் தனக்கும் வேணும் என்றார். அடுத்தவர் தன் மகளுக்கும் என்றார். இதுவரை வாய் திறக்காத இப்போதைய செயலாளர் என்னிடம் யாப்பை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். இதில் எழுதியிருப்பதை மாற்றுவதென்றால் முதலே அறிவித்தல் கொடுக்க வேண்டும், இன்றைக்கு ஒருவரும் கொடுக்கவில்லை, ஆகவே இன்றைக்கு இருக்கிற எல்லோருக்கும் வாக்கு இருக்கிறது என்றார். தலைவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எண்ணச் சொன்னார். அவரும் மரியாதைக்குரிய மனிதர்தான்.

செயலாளர் வரிசை வரிசையாக நடந்து விரல் நீட்டி எண்ணினார். வகுப்பு தொடர வேண்டும் என்பவர்கள் ஐம்பத்திரண்டு. நிறுத்தலாம் என்பவர்கள் ஐம்பத்தெட்டு. மாமா நிறுத்தலாம் என்றுதான் கை உயர்த்தினார். பின்வரிசைப் பெண்களிலும் சிலர் அப்படியே. அவர்களின் பிள்ளைகள் விழாவில் ஆடுகிறார்கள்.

நாங்கள் தோற்றோம். மூவரும் மாமாவின் வான் வண்டியில் வீடு திரும்பினோம். நான் பின்னாலிருந்து கண்ணாடி வழியாகக் கிங்ஸ்டன் வீதியைப் பார்த்துக்கொண்டு, ஐரோப்பாவில் தொடங்காமல் இருந்திருந்தால் இன்னும் நாலு பேரை வென்றிருப்பேனோ என்று யோசித்தேன். அம்மா முன்னால் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தார். கொஞ்சத் தூரம் போனபிறகு கதைத்தார்.

"தோத்தது தோத்ததுதான். எண்ணித்தானே தோத்தம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அடுத்த வருசம் திருப்பிக் கேக்கலாமோ?"

கேட்கலாம், ஆனால் முதலே எழுதி அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்றேன்.

"அப்ப எழுது. என்ர பேரில எழுது."

அந்தக் கூட்டத்துக்கும் தான்தான் வான் ஓட்ட வேண்டுமோ என்று மாமா கேட்டார். ஓம், வேறு ஆர் என்றார் அம்மா.

வகுப்பில் கேள்வி கேட்ட மாணவனுக்கான பதிலைக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். கூடுதலான பேர் வெல்வது ஜனநாயகத்தின் பாதி மட்டும். யாரை எண்ணுவது என்பதை வென்றவர்களின் விருப்பத்துக்கு விடாமலிருப்பது மற்றப் பாதி. அதைக் காப்பதற்காகத்தான் நீதிபதியும் பத்திரிகையும் எழுதப்பட்ட விதியும் இருக்கின்றன. ஒரு நாட்டின் அரசு அவற்றில் கைவைக்கும்போது, அடுத்த முறை எண்ணப்படாமல் போகப்போகிறவர்களைத்தான் அது முதலில் தொடுகிறது. தோற்ற பக்கத்தில் இருந்துகொண்டே இதை நான் சொல்கிறேன். ஆறு வாக்கால் தோற்பதை என்னால் தாங்கமுடியும். எண்ணப்படாமல் தோற்பதை ஏற்கமாட்டேன்.

இப்போது சனிக்கிழமைகளில் பன்னிரண்டு பிள்ளைகள் வரை என்னிடம் பாடம் படிக்க நூலகத்தில் கூடுகிறார்கள். அங்கே தேத்தண்ணி கொண்டுபோக விடமாட்டார்கள். அம்மா பிளாஸ்க்கோடு வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களுக்கு ஊற்றுகிறார்.

போன கிழமை சங்கத்தின் கடிதம் வந்தது. ஒரே விலாசத்துக்கு, ஆளுக்கு ஒன்றாக, மூன்று உறைகள். தபால்பெட்டி நிறைகிறதென்று மாமா முறைப்பட்டார். மூன்றிலும் ஒரே கடிதம்தான். மாமா தன்னுடையதை ஏற்கெனவே சத்தமாக வாசித்தும்விட்டார். அம்மா அதைக் காதில் வாங்காமல் தன் உறையைக் கத்தியால் ஓரமாக வெட்டித் திறந்தார். கீழே வந்து கட்டிலில் உட்கார்ந்து, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்தார். நாலாவது விடயத்தில் விரல் நின்றது. சனிக்கிழமை வகுப்பை மீண்டும் தொடங்குவது, முன்மொழிபவர் என்று போட்டு, பக்கத்தில் அம்மாவின் முழுப் பெயர்.

அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன் நாலாவதாப் போட்டிருக்கினம்? நாலரைக்கு ஹோல் திருப்பிக் குடுக்கவேணுமெல்லோ. முதலாவதாப் போடச் சொல்லி இண்டைக்கே எழுது."