பங்கருக்கு மேலே பட்டிப்பூ

அண்ணி வீட்டுக் கிணற்றடிச் சுவரில், ஓர் ஆணியில், பூவாளி ஒன்று தொங்குகிறது. தகரத்தில் செய்து பச்சை அடித்தது. அண்ணன் யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் ஆசையோடு வாங்கிவந்து அண்ணியின் கையில் கொடுத்தது. அன்று முதல் அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனதில்லை. அதன் மூக்குக்குள் குளவி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பறந்தும் போய்விட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் அதைக் காட்டிச் சொல்வார்: "உவ சரவணையில போட்ட பூந்தோட்டத்தைப் பாக்கவெண்டே சனம் பஸ்ஸால இறங்கி வந்தது. இப்ப ஒரு துளசிகூட வைக்கமாட்டாவாம்." அண்ணி முழங்காலைத் தடவிக்கொண்டு, "குனிய ஏலாது" என்பார். நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தெற்கே ஒரு சிறுநகரத்தில் அண்ணனின் கடை எரிந்தது. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் அண்ணியின் தோட்டம். மூன்றும் ஒரே பின்னேரத்தில் போயின. உடுத்த உடுப்போடு கப்பலேறி, வடக்கே எங்கள் தீவில் சரவணை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மா காலமாகி, ஐயாவும் நானும் மட்டும் இருந்த வீடு அது. அரைக்கட்டை, அதாவது அரை மைல், தள்ளி எங்கள் புகையிலைத் தோட்டம். வீட்டைச் சுற்றியோ வெறும் கல். சரவணையில் அந்தப் பக்கத்து மண் சும்மா மேலே தூவிவிட்டது போல. ஒரு சாண் வெட்டினால் அலவாங்கு கல்லில் முட்டிப் பொறி பறக்கும். வந்த முதல் மாதம் முழுக்க அண்ணி, குசினி வாசலில் குந்தியிருந்து அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் எழும்பி, என் சைக்கிளைக் கேட்டார்.

கோடையில் வற்றிய குளத்தின் அடிமண்ணை உரப்பையில் கட்டிச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு வந்தார். கரையில் ஒதுங்கிய சாதாளையை, அந்தக் கடற்பாசியை, மாரி முழுக்க மழையில் போட்டு உப்புக் கழுவி எருவாக்கினார். நாலு வருடம். வீட்டுக்கு முன்னால், கல்லுக்கு மேல், ஓர் ஆள் உயரத்துக்கு மண் ஏறியது. அந்தத் திட்டைச் சுற்றி முருகைக்கற்களை அடுக்கினார். சோடாப் போத்தல்களைத் தலைகீழாய் நட்டு வரம்பு கட்டினார்; காலை வெயில் பட்டால் பச்சையும் நீலமுமாய் நிலத்தில் வெளிச்சம் ஊர்ந்துபோகும். பாதைக்குச் சங்கும் சிப்பியும் பதித்தார். ஊர் முழுக்க குரோட்டன் தடிகள் திருடினார். கோயில் தர்மகர்த்தாவின் வளவையும் விட்டுவைக்கவில்லை. "கேட்டு வாங்கின தடி படாது தம்பி. களவாய் முறிச்சதுதான் தழைக்கும்" என்று, மடிக்குள் மறைத்த கிளையோடு சிரித்துக்கொண்டு வருவார். கடை எரிந்தபின் நான் பார்த்த முதற் சிரிப்பு அது.

ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. நல்ல தண்ணீரை அரைக்கட்டை நடந்து அள்ளும் ஊரில், பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட ஒருத்தி பூவுக்கு ஊற்றுவதை அவரால் எப்படிப் பொறுக்க முடியும். "உந்தப் பூவை அவிச்சுத் தின்னலாமே பிள்ளை?" என்பார். "உங்கட புகையிலையையும் ஒருத்தரும் அவிச்சுத் தின்னிறேல்லை மாமா" என்று அண்ணி திருப்பிக் கொடுப்பார். ஐயா சுருட்டைக் கடித்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் போத்தல் ஒன்று சரிந்திருந்தால், யாரும் பார்க்காதபோது காலால் தட்டி நேராக்கிவிட்டுப் போவார். அதை நான் பார்த்திருக்கிறேன்.

ஹெலியும் குண்டு போடும் பொம்பரும் அடிக்கடி வரத் தொடங்கியபோது வீட்டுக்கு வீடு பதுங்குகுழி, பங்கர், வெட்டினார்கள். அண்ணன் வளவு முழுக்க அலவாங்கு போட்டுப் பார்த்தார், எங்கும் கல். கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அண்ணியின் தோட்டத்துக்கு முன்னால் வந்து நின்றார்.   எங்கள் வளவில் மண்வெட்டி இறங்கக்கூடிய ஒரே இடம், அண்ணி சைக்கிளில் கொண்டுவந்து கொட்டிய அந்த இடம்தான். "வெட்டுங்கோவன்" என்றார் அண்ணி. பிறகு தானே குந்தியிருந்து ஒவ்வொரு பூங்கண்டாகத் தோண்டி ஓரமாய் வைத்தார்.

பங்கருக்கு மேலே கூரையாய்ப் போட மரக்குற்றி வேண்டும். அவசரத்தில் அண்ணன் வேலியோரம் நின்ற இளம்பனைகளைத் தறித்தார். ஐயா கையால் தட்டிப் பார்த்து, "வயிரம் ஏறேல்லையடா. இது தண்ணி பட்டா உக்கும்" என்றார். "ரெண்டு மாசத்தாலை மாத்திப்போடலாம் ஐயா" என்றார் அண்ணன். மாற்றவில்லை. குற்றிக்கு மேல் உரப்பை, பைக்கு மேல் மண். பச்சைப் புண்போலக் கிடந்த அந்த மண்கும்பியில் அண்ணி பட்டிப்பூ, அந்த நித்தியகல்யாணி, நட்டார். சரிவில் பத்துமணிப்பூ, உச்சியில் திருட்டுக் குரோட்டன், சுற்றிவரப் பழைய போத்தல்கள். அண்ணனுக்கும் அது பிடித்தது. "பச்சையாக் கிடந்தா மேலால பாக்கிறவனுக்குத் தெரியாது. ஊத்து, நல்லா ஊத்து" என்றார். ஐயா மட்டும் சுருட்டை எடுத்துவிட்டுச் சொன்னார்: "பாடையும் உப்பிடித்தான் சோடிக்கிறவை."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

மறு வருடம், ஹெலி சுற்றிய ஒரு காலையில், நான் பங்கருக்குள் தனியே குந்தியிருந்தேன். பிடரியில் குளிர்ச்சியாய் ஏதோ விழுந்தது. நிமிர்ந்தேன். குற்றியின் அடியில் வெள்ளைப் பூஞ்சணம். விரலால் அழுத்த, விரல் உள்ளே போயிற்று. ஹெலி போனபின் வெளியே வந்தேன். அண்ணி பூவாளியோடு நின்றார். அந்த நாளைய பூவாளி, பால்மாத் தகரப் பேணியில் ஆணியால் துளையிட்டு அண்ணியே செய்தது.

"அண்ணி, உள்ளுக்க ஒழுகுது. குத்தி உக்குது."

அவர் கை நின்றது. கும்பியைப் பார்த்தார். அது முழுக்கப் பூ.

"தண்ணி வேரோட நிண்டிடும் தம்பி. கீழ போகாது."

"அண்ணைக்குச் சொல்லுவம்."

"சொன்னா எல்லாத்தையும் புடுங்கிப் போடுவார்." குரலைத் தாழ்த்தினார். "மாரி வரட்டும். மழையில கண்டெல்லாம் கிளப்பி வேற இடத்தில வைக்கலாம். அதுமட்டும் சொல்லாதையும்."

நான் சொல்லவில்லை. இரண்டு தோட்டம் இழந்தவரிடம் மூன்றாவதையும் கேட்க என்னால் முடியவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, சோம்பல். இன்னும் கொஞ்ச நாளைக்கு ஒன்றும் நடக்காது என்று, நடந்து முடியும்வரை எல்லாரும் நம்புகிற அந்த நம்பிக்கை.

மாரிக்கு முன்பே பொம்பர் வந்தது. முற்பகல். அண்ணன் கூட்டுறவுச் சங்கக் கடையில். நான் புகையிலைத் தோட்டத்திலிருந்து வேலிப் படலைக்கு வந்துகொண்டிருந்தேன். ஐயா எப்போதும் பங்கருக்குள் போகமாட்டார்; அன்று அண்ணி அவரைத் தோளில் பிடித்துத் தள்ளுவது தெரிந்தது. "போங்கோ மாமா, வீம்புக்கு நிக்காதேங்கோ, போங்கோ." அவர் குனிந்து இறங்கினார். அடுப்பை அணைக்க அண்ணி குசினிக்குள் ஓடினார். குண்டு எங்களூரில் விழவேயில்லை. எங்கோ கடல் பக்கம். நிலம் ஒரேயொரு தரம் ஆடியது. என் கண் முன்னே அந்தப் பூக்கும்பி, யாரோ பெருமூச்சு விட்டதுபோல, மெல்லத் தாழ்ந்தது. சத்தம்கூடப் பெரிதில்லை. பட்டிப்பூக்கள் சாயாமல், நின்றபடியே கீழே இறங்கின.

கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினோம். அயல் ஓடிவந்தது. காலையில் ஊற்றிய ஈரம் மண்ணில் அப்படியே இருந்தது; அது விரலில் ஒட்டியது, ஐயாவின் நரைத்த தலைமயிரில் ஒட்டியது. அவரைத் தூக்கிக் கிடத்தியபின் அண்ணியைப் பார்த்தேன். அவர் ஐயாவைப் பார்க்கவில்லை. முறிந்த குற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவிந்த மரவள்ளிக் கிழங்குபோல அது உடைந்து கிடந்தது. யாரும் கவனிக்குமுன் நான் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினேன். அண்ணன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது, "குண்டு அதிர்ச்சியில விழுந்திட்டுது" என்றேன். சொன்னது நான்தான். அண்ணி மறுக்கவில்லை. ஊரும் அப்படியே சொன்னது, மரணப் பதிவும் அப்படியே எழுதப்பட்டது.

சில வாரங்களில் தீவே காலியானது. பெட்டி கட்டும்போது பக்கத்து வீட்டு அக்கா, "ஒரு குரோட்டன் தடியாவது கொண்டு போமன்" என்றார். அண்ணி கேட்காததுபோல நடந்தார். சங்கும் சிப்பியும் பதித்த பாதையில் நடக்காமல், ஓரத்துக் கல்லில் மிதித்துப் படலையைத் தாண்டினார்.

அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால், இளம்பனையைத் தறித்த தன் கையைத்தான் அவர் முதலில் பார்ப்பார் என்பது அண்ணிக்குத் தெரியும். அதனால் மூன்று பேரின் குற்றத்தை இரண்டு பேர் சுமக்கிறோம். ஒருநாளும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

போன மாதம் போயிருந்தேன். அண்ணன் கிணற்றடியில் ஒரு ரோசாக் கண்டு நட்டிருந்தார். குளவிக்கூட்டைக் குச்சியால் கிளறி எடுத்து, பூவாளியை நிரப்பி என் கையில் தந்தார். "உவதான் மாட்டாவாம். நீ ஊத்தடா, உன்ர கை ராசியான கை." நான் சரித்தேன். பச்சைத் தகரத்திலிருந்து முதற் தண்ணீர் விழுந்தது, மண் கறுத்தது. "இன்னும் ஊத்து" என்றார் அண்ணன்.

பின்னால் அண்ணி வந்து நின்றது தெரிந்தது. முழங்கால் ஏலாதவர், எங்கள் பக்கத்தில் மெல்லக் குனிந்தார். அந்த ஈர மண்ணை உள்ளங்கையால் தொட்டு, கையை எடுக்காமலே சொன்னார்:

"காணும் தம்பி, நிப்பாட்டும். கீழ போகும்."