கோவிந்தசாமியின் பிக்கப்

போன புதன்கிழமை புத்தூர் கோர்ட்டில் கூண்டேறினேன். பதறாதீர்கள் — சாட்சிக் கூண்டுதான்.

எதிர்க் கூண்டில் நின்றவர் கோவிந்தசாமி. திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி போகும் பிரைவேட் பஸ்ஸின் டிரைவர். கம்பெனி பெயர் எதற்கு, விடுங்கள். வாராவாரம் அந்த பஸ்ஸில்தான் நான் திருப்பதி போகிறேன். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஸீட் எனக்கென்றே எழுதி வைத்த மாதிரி.

என்ன குற்றம்? தறிகெட்ட வேகத்தில் ஓட்டினாரா? இல்லை. யார் மீதாவது ஏற்றினாரா? அதுவும் இல்லை. நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளம்பிவிட்டார். அவ்வளவுதான்!

இதற்கெல்லாமா சார்ஜ் எழுதுவார்கள் என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன்.

கோவிந்தசாமியின் குடும்பம் நகரியில் தறி நெய்கிற குடும்பம். இவருக்கு மட்டும் தறிக்குழியில் கால் நிற்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். தங்கமான மனிதர். பீடி கிடையாது, கோபம் கிடையாது... ஒரே ஒரு பலவீனம் — பிக்கப்! அவர் வண்டியை எடுத்தால் முன் ஸீட்காரர் பின் ஸீட்காரரிடம் க்ஷேமலாபம் விசாரித்துவிட்டுத் திரும்புவார்.

"வண்டின்னா பிக்கப் வேணும் சார். சும்மா போறதுக்கு மாடு இல்லியா?" என்பார்.

இன்னொரு காரணமும் உண்டு. அதே ரூட்டில் வேறொரு கம்பெனியின் மஞ்சள் பஸ் ஓடுகிறது. அது முந்திக்கொண்டால் அடுத்த ஸ்டாப் கூட்டம் முழுவதும் அதில் ஏறிவிடும். ஆகவே மஞ்சள் வண்டியின் ஹாரன் காதில் விழுந்தால் போதும், கோவிந்தசாமியின் கால் அவரைக் கேட்காமலே அழுத்தும்.

சம்பவம் நடந்தது புத்தூர் பஜாரில். பஸ் நின்றிருந்தது. உள்ளே வழக்கமான வாக்குவாதம் — திருத்தணி ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸுக்குப் போய்விடுமா? முன்னால் ஒருவர் தெலுங்கில், பின்னால் ஒருவர் தமிழில். கண்டக்டர் கூரைமேல் வாழைத்தார்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது பின்னாலிருந்து 'பாம்... பாம்...'

விசில் இல்லை. 'ரைட்' இல்லை. பஸ் பாய்ந்தது!

கூரைமேல் கண்டக்டர் ஒரு வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார். கீழே, படியில் ஒரு கால் வைத்திருந்த ஓர் அம்மாள் கூடையோடு ரோட்டில் விழுந்தார். கத்திரிக்காய்கள் பஜார் முழுவதும் உருண்டன.

"ஆப்பு! பஸ் ஆப்பு!" என்று நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடி வந்தார் கான்ஸ்டேபிள். கிருஷ்ணா ஜில்லாக்காரர். தனி ஆந்திரா வந்தபிறகு இந்தப் பக்கம் மாற்றலாகி வந்தவர். தமிழ் ஒரு வார்த்தை வராது. "எந்துகய்யா அந்த தொந்தர?" — ஏனய்யா இத்தனை அவசரம் — என்று கேட்டுக்கொண்டே பென்சிலை எடுத்துவிட்டார்.

கோவிந்தசாமி குதித்து ஓடினார். விழுந்த அம்மாளைத் தூக்கினார். முகத்தைப் பார்த்தார். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ... அத்தே!"

ஆமாம், மாமியார்! பெண் கொடுத்த மங்கம்மா!

மணிக்கட்டு எலும்பு பிசகியிருந்தது. புத்தூரில் விழுந்ததில் ஒரு சௌகரியம். எலும்புக்குக் கட்டுப் போடுவதற்கென்றே எங்கெங்கிருந்தோ ஜனங்கள் தேடி வருகிற ஊர் அது. உடனே கூட்டிப்போய்ப் பச்சிலைக் கட்டுப் போட்டார்கள்.

கட்டுப் போட்டாயிற்று, கேஸும் போட்டாயிற்று. டீக்கடையில் ஒருவர், "தமிழ் டிரைவர்னு புடிச்சிட்டாங்கப்பா" என்று ஆரம்பித்தார். "உழுந்த அம்மா மட்டும் சீமைக்காரியா?" என்று இன்னொருவர் கேட்டதும் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்விட்டார். பாவம், கிடைத்த ஒரு எல்லைப் பிரச்னையும் கைவிட்டுப் போயிற்று!

கோவிந்தசாமிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. லைசென்ஸ் போய்விட்டால்?

"மறுபடியும் தறிக்கே போவணும் சார். இந்தக் காலு அங்க நிக்காதே..." என்றார் கோர்ட் வாசலில்.

சற்றுத் தள்ளி அவருடைய மனைவி காந்தா தாயைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "யம்மா, நானே கால் தவறி உழுந்துட்டேன்னு சொல்லிடும்மா. உன் கை ஆறிடும். அவுருக்கு வேல போனா வருமா?"

மங்கம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்திருந்தார். மிடுக்கான மனிதர். "பஸ் நகர்ந்ததே சில அடி தூரம். அதற்குள் என்ன வேகம் வந்துவிடும்? ஓடுகிற வேகத்துக்கு வரம்பு உண்டு. கிளம்புவதற்கு வரம்பு எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமாகத்தானே இருக்கிறது? நானும் தலையை ஆட்டினேன்.

கான்ஸ்டேபிளிடம், "மணிக்கு எத்தனை மைல் வேகம்?" என்று குறுக்கு விசாரணை.

அவர் யோசித்துவிட்டு, "ஸ்பீடு தெலீது சார். பஸ்ஸு கப்பலா எகிரிந்தி!" என்றார்.

வக்கீல் துள்ளி எழுந்தார். "கனம் கோர்ட்டார் கவனிக்க வேண்டும்! என் கட்சிக்காரர் ஓட்டியது பஸ். கப்பல் அல்ல!"

கோர்ட்டே அதிர்ந்தது. தெலுங்கில் 'கப்ப' என்றால் தவளை. பஸ் தவளை போலத் துள்ளியது என்கிறார் அவர். மெட்ராஸ் வக்கீலுக்கு எங்கே தெரியும்? மாஜிஸ்டிரேட் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்து நான். "விசில் கேட்டதா?" என்றார்கள். "இல்லை," என்றேன். வேறென்ன சொல்வது? அந்த ஒரு சொல்லுக்காகக் கோவிந்தசாமி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

கடைசியாக மங்கம்மா.

"உங்களை யாரம்மா தள்ளினது?" என்று தமிழிலேயே கேட்டார் மாஜிஸ்டிரேட்.

"யாரும் தள்ளல சாமி. பஸ்ஸு போயிடுச்சி. நான் நின்னுட்டேன்."

வக்கீலின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் நீங்கள்தான் கவனமில்லாமல் காலை வைத்தீர்கள். சரிதானே?"

வினை அங்கேதான்!

"நானா? இத்தினி வருசமா பஸ்ஸு ஏறிக்கினு கீறேன், ஒரு நாளு உழுந்ததில்ல! என் மாப்ள தங்கம் சாமி. பொண்ணு குடுத்த நாளா ஒரு கொற சொன்னதில்ல. துன்னாரா, தூங்கினாரா, அவுரு உண்டு அவுரு வேல உண்டு. ஆனா அந்த ஸீட்ல குந்திக்கினாருன்னா... மாமியாரும் தெரியாது, மாரியாத்தாளும் தெரியாது!"

காந்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

மாஜிஸ்டிரேட் பேனாவை மூடினார். "பஸ் எங்கே?" என்றார். வெளியே நிற்கிறது என்றார்கள். "அன்றைக்கு எப்படிக் கிளம்பினாயோ அப்படியே கிளம்பிக் காட்டு," என்று எழுந்துவிட்டார்.

கோர்ட் முழுவதும் பஸ்ஸில் ஏறியது. மாஜிஸ்டிரேட் நடுவில் நின்றார். பக்கத்தில் வக்கீல். கான்ஸ்டேபிள் ஒரு ஸீட்டின் நுனியில். மங்கம்மா நல்ல கையால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கோவிந்தசாமி வண்டியை எடுத்தார். அடடா, என்ன பதவிசு! தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குவது போல. மாஜிஸ்டிரேட் கான்ஸ்டேபிளைப் பார்த்தார். கான்ஸ்டேபிளுக்கு வியர்த்தது. வக்கீல் புன்னகைத்தார். கேஸ் ஜெயித்தாயிற்று! கோவிந்தசாமி ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்தா அந்த மஞ்சள் வண்டி வர வேண்டும்? 'பாம்... பாம்...'

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வக்கீல் டிக்கெட் வாங்காத லக்கேஜ் போல ஸீட்டுக்கு அடியில் கிடந்தார். மாஜிஸ்டிரேட் கான்ஸ்டேபிளின் மடியில்! அந்தக் கடமை வீரர் அந்த நிலையிலும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். நின்ற இடத்தில் நின்றது மங்கம்மா ஒருவர்தான்.

"பாத்தீங்களா சாமி? இத்தத்தான் சொன்னேன்!"

மறுபடி கோர்ட். கோவிந்தசாமி கை கூப்பினார். "வேணும்னு பண்ல சாமி. காலு போயிடுச்சி..."

மாஜிஸ்டிரேட் நிதானமாகச் சொன்னார்: "வேகமாகக் கிளம்புவது என்று சட்டத்தில் தனியாக ஒரு குற்றம் இல்லை. வக்கீல் சொன்னது சரி. ரோடு காலியாக இருந்து, வண்டியும் உன் பிடியில் இருந்தால், சட்டென்று கிளம்பியதற்காக மட்டும் நான் உன்னைத் தண்டிக்க மாட்டேன். ஆனால் ஜனங்களுக்கு அபாயம் வரும்படி ஓட்டுவது குற்றம். அதற்கு மைல் கணக்கு தேவையில்லை. ஒருவர் படியில் கால் வைத்திருக்கும்போது நகர்ந்தால் மாட்டு வண்டியும் அபாயம்தான். அபாயம் எப்படியிருக்கும் என்று..." — இடுப்பை மெல்லத் தடவிக்கொண்டார் — "...இனி எனக்கு யாரும் சாட்சி சொல்ல வேண்டாம்."

சின்ன அபராதம். பெரிய எச்சரிக்கை. லைசென்ஸ் தப்பியது!

வெளியே வந்ததும் கோவிந்தசாமி மீசை நனைய அழுதார். மாமியாரிடம் போய், "அத்தே, மன்னிச்சிக்கோங்க," என்றார்.

"வுடுங்க மாப்ள. நான் பொய் சொல்லியிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க. நாளிக்கி இன்னொருத்தி உழுந்திருப்பா. அவளுக்கு உங்க மாமியா மாதிரி மனசு இருக்குமா?" என்றார் மங்கம்மா. காந்தா அழுகையோடு சிரித்துவிட்டாள்.

எல்லோரும் அதே பஸ்ஸில்தான் புறப்பட்டோம். மங்கம்மா ஏறினார், உட்கார்ந்தார். கண்டக்டர் விசில் ஊதினார். கோவிந்தசாமி எடுக்கவில்லை. உடம்பை முழுவதும் திருப்பிப் பின்னால் பார்த்தார். "ரைட்!" என்றார் கண்டக்டர். கோவிந்தசாமி இறங்கிப்போய்ப் படியைப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடி உட்கார்ந்து, மறுபடி திரும்பினார்.

பின்னாலிருந்து மங்கம்மாவின் குரல்:

"இன்னா மாப்ள, இன்னும் இன்னாத்தப் பாத்துக்கினு கீறீங்க? வெயிலு மண்டயப் பொளக்குது... சட்டுனு எடுங்க வண்டிய!"

நாம் ஏறும்வரை உலகம் நிற்க வேண்டும். ஏறி உட்கார்ந்தால் பறக்க வேண்டும் — இந்தச் சட்டத்தை மட்டும் எந்த மாஜிஸ்டிரேட்டாலும் மாற்ற முடியாது!