மூடியோரத்துக் குங்குமம்

ராக்கெட் கடலில் விழுந்தது சனிக்கிழமை காலையில். ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் காக்ஸ் டவுனில் எல்லோருக்கும் விஞ்ஞானம் தெரிந்துவிட்டது. பால் கடைக்காரர், "மொதல்ல ரோட்டுக் குழிய மூடட்டும்மா, அப்புறம் மேல போகட்டும்" என்றார். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றவர்களில் பாதிப்பேர் நம் வரிப்பணம் கடலில் போச்சு என்றார்கள். மீதிப்பேர் வேறு நாட்டுச் சதி என்றார்கள்.

சாதாரண நாளாக இருந்தால் விட்டிருப்பேனா? என் வாய்க்குப் பயந்து தண்ணீர் லாரிக்காரனே எங்கள் தெருவுக்கு நேரத்துக்கு வருவான். அன்றைக்குச் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு சும்மா நின்றேன். பள்ளிக்கூட வாத்தியாரான என் வீட்டுக்காரர், "என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டே விட்டார்.

கொழுக்கட்டை இல்லை, பயம். விழுந்த ராக்கெட்டில் நான் கையெழுத்துப் போட்ட சாமான் இருந்தது.

ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு சின்னக் கம்பெனியில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். ராக்கெட்டுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து கொடுப்போம். ஒவ்வொரு கட்டின் முனையிலும் ஊசி ஊசியாய்க் கம்பிகள் உள்ள ஒரு கனெக்டர், ஒரு தூசி உள்ளே போனாலும் தொடர்பு அறுந்துவிடலாம் என்பதால் அதற்கு ஒரு மூடி. கடைசியில் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது நான். நான் போடாமல் ஒரு கட்டும் வாசலைத் தாண்டாது.

போன வருட ஆயுத பூஜைக்கு முந்தின நாளே அந்த ராக்கெட்டுக்கான கட்டு தயாராகிவிட்டது. அதைச் செய்தவள் கிருஷ்ணகிரிக்காரப் பெண், என்னை அக்கா என்பாள். பூஜையன்று அவள் குங்குமத் தட்டோடு தூசியே நுழையக் கூடாத அந்த அறைக்குள் வந்தாள். தலையில் தொப்பி, காலில் உறை எல்லாம் முறையாகத்தான் போட்டிருந்தாள். கையில் மட்டும் குங்குமம்! மிஷினுக்கு ஒரு பொட்டு, மைக்ராஸ்கோப்புக்கு ஒரு பொட்டு, கட்டு வைத்திருந்த தட்டுக்கும் ஒரு பொட்டு.

அந்த அறையில் நான் ஒருத்திதான் கிறிஸ்தவச்சி. பூஜைப் பொரியும் இனிப்பும் ஆசையாய்ச் சாப்பிடுவேன், பொட்டு மட்டும் வைத்துக்கொள்ள மாட்டேன். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்படிப்பட்டவர்களிடம் "குங்குமத்தை வெளியே கொண்டு போ" என்று நான் சொன்னால், இந்தம்மாவுக்கு நம்ம சாமி ஆகாது என்று நினைத்துவிடுவார்களோ? அந்த ஒரு கூச்சம். ஊரையே அதட்டுகிறவள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் சோதிக்கும்போது மூடியின் ஓரத்தில் கடுகளவு சிவப்பு. ஸ்பிரிட்டால் துடைத்தேன், மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. என்ன தூசியானாலும் தாளில் எழுதி, கழுவ அனுப்பி, மறுபடி சோதிக்க வேண்டும் என்பது விதி. எழுதினால் அந்தப் பெண்ணின் வேலைக்கே உலை. வெளியே வண்டி வேறு காத்திருந்தது. எழுதாமல் கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை கேன்டீன் டிவியில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது, திரையில் ஏறிக்கொண்டிருந்த கோடு வளைந்து கீழே இறங்கியது.

ஞாயிறு மத்தியானம் சோறு போடும்போது வீட்டுக்காரர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "நல்லவேளை, இதுல ஆள் யாருமில்ல. அடுத்தாப்ல மனுசங்கள ஏத்தி அனுப்பப் போறாங்களாம்" என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "நாளைக்குப் போனதும் மொதலாளிகிட்ட சொல்லிடு. வேல போனா போவட்டும்" என்றார்.

எங்கள் முதலாளி கன்னடக்காரர், தமிழும் பேசுவார். "குங்குமானா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "பதினெட்டு வருஷம் ஆயித்தம்மா! நீங்களே இப்படிப் பண்ணா நான் யார நம்பறது?" என்று கத்தினார். திட்டிக்கொண்டே, என் எதிரிலேயே ராக்கெட் மையத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். பதில் வரும்வரை நான் ஒரு சாமானையும் தொடக் கூடாது.

மூன்று வாரம் பழைய தாள்களை அடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் வந்து, "நல்லதுக்குத்தானக்கா வெச்சேன்" என்று அழுதாள். "நீ நல்லதுக்குத்தான்டி வெச்ச, நான்தான் வாய மூடிட்டு நின்னேன். அழாம போய் வேலயப் பாரு" என்று சிடுசிடுத்தேன். வெளியே டிவிக்காரர்கள் ராக்கெட்டை விட்டுவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அந்த ராக்கெட் தினமும் விழுந்துகொண்டிருந்தது.

கடைசியில் விசாரணைக் குழுவிலிருந்து ஓர் அம்மா வந்தார், தமிழ் பேசுகிறவர். என்னையும் அந்தப் பெண்ணையும் முதலாளி அறையில் உட்கார வைத்தார்.

"கோளாறு எஞ்சின்ல. ஒரு வால்வு சரியாத் திறக்கல" என்றார் அவர். "அது எங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது தெரியுமா? உங்க ஒயர் வழியா வந்த எஞ்சின் அளவுகள வெச்சுத்தான். கடல்ல விழுற நொடி வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லாம வந்துட்டிருந்துச்சு."

"மாதாவே!" என்று நான் போட்ட சத்தத்தில் முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் குலுங்கினேன். மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. பசி எடுத்தது, சத்தியமாக!

அந்த அம்மா காத்திருந்துவிட்டு, "ஆனா நீங்க எழுதாம விட்டது தப்பு" என்றார்.

"தப்புதாம்மா" என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகவே இல்லை.

இப்போது பால் கடைக்காரர் என்னைப் பார்த்தால், "அடுத்தது எப்பம்மா மேல போவுது? ஆளோட போவுதாமே!" என்கிறார். ரோட்டுக் குழி அப்படியேதான் இருக்கிறது.

இந்த வருட ஆயுத பூஜைக்கு அந்தப் பெண் குங்குமத் தட்டோடு வந்தபோது நான் அறை வாசலில் குறுக்கே நின்றேன். உள்ளே தட்டில் இருந்தது, ஆள் ஏறப்போகும் ராக்கெட்டுக்காக நான் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டிய கட்டு.

"இந்த வாசலத் தாண்டிக் குங்குமம் வராதுடி" என்றேன். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன்.

அவள் கதவு நிலையில் ஒரு பொட்டு வைத்தாள், தட்டைக் கீழே வைத்தாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

"இத போன வருஷமே சொல்லியிருக்கலாமில்லக்கா?" என்றாள். "நாங்க என்ன உங்கள கடிச்சா தின்னுருப்போம்?"