சனிக்கிழமை, பத்து மணி, இலவசம்

பதினேழு குளிர்காலங்களில் நாலாயிரத்துச் சொச்சம் நிகழ்ச்சிகளை அவர் அச்சில் ஏற்றியிருக்கிறார். அவற்றில் நேரில் போய்ப் பார்த்தது மூன்று. ஒன்று, காற்றே இல்லாமல் ரத்தான பட்டம் விடும் போட்டி. இன்னொன்று, மறந்து வைத்த குடையைத் திரும்ப வாங்கப் போன புத்தகச் சந்தை. மூன்றாவது, பக்கத்துத் தெருவிலேயே நடந்ததால் தப்பிக்க முடியாமல் போன நாய்க் கண்காட்சி.

நகரத்தின் நாளிதழில் சனிக்கிழமை தோறும் வரும் 'எங்கே போகலாம்?' பக்கம் அவருடையது. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'போகலாம் அக்கா'. வயது ஐம்பத்திரண்டு. ஊரையே வீட்டை விட்டுக் கிளப்பி அனுப்பிவிட்டு சனி, ஞாயிறு இரண்டு நாளும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார். கேட்டால், "சாப்பாட்டுக் கடைக்காரனுக்குப் பசிக்குமா?" என்பார்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு முறை உண்டு. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகும். அதற்குள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அவர் போன் செய்து மூன்று கேள்வி கேட்பார். நடக்குதா? எத்தனை மணிக்கு? மழை வந்தால் என்ன செய்வீங்க? மூன்றுக்கும் பதில் வந்தால்தான் அது உறுதி. பதில் வரும்வரை இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று, போன வருடம் அதே வாரத்தில் வந்த வரிகளைச் சிவப்பு எழுத்தில் போட்டு வைப்பார். போனில் உறுதியானதும் திருத்திக் கறுப்பாக்குவார். உறுதியாகாததைத் தூக்கிவிடுவார். ஐந்து மணிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு எழுத்துகூட இருக்காது. பதினேழு வருடமாக இருந்ததில்லை.

இந்தக் குளிர்காலம் தொடங்கும்போது பொறுப்பாசிரியர் அவரைக் கூப்பிட்டு, ஒரு கணினி நிரல் வந்திருப்பதாகச் சொன்னார். ஊரில் நடப்பதையெல்லாம் அதுவே இணையத்திலிருந்து பொறுக்கி எடுத்துப் பட்டியல் போட்டுவிடுமாம்.

"அது போன் போடுமா சார்?" என்று கேட்டார் போகலாம் அக்கா.

"போடாது."

"அப்புறம் நடக்குதா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

பொறுப்பாசிரியர் பேனாவை உருட்டினார். "சரி. இந்தக் குளிர்காலத்தை ஒரு தப்பு இல்லாம ஓட்டுங்க. மேல இருக்கறவங்ககிட்ட நான் பேசறேன்."

ஒன்பது வாரம் ஓடியது, ஒரு தப்பு இல்லை. பத்தாவது வாரம் வியாழக்கிழமை நாலே முக்காலுக்கு விளம்பரப் பிரிவிலிருந்து ஆள் ஓடி வந்தார். ஒரு முழுப் பக்க விளம்பரத்துக்கு வண்ணப் பக்கம் வேண்டும். எந்தப் பக்கத்தைக் கொடுப்பது? 'எங்கே போகலாம்?' வண்ணத்திலிருந்து கறுப்பு வெள்ளைக்கு மாறியது. கடைசியாகச் சரிபார்க்க அவர் கைக்கு வந்த தாளிலும் எல்லாம் கறுப்பு. கண் சிவப்பைத்தான் தேடியது, சிவப்பு இல்லை. கையெழுத்துப் போட்டார். தாள் போய்விட்டது.

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு அவருடைய கணவர் தேநீர்க் கோப்பையோடு பேப்பரைப் பிரித்தார். அவர் எலக்ட்ரீஷியன். வேலை இல்லாத சனிக்கிழமைகளில் மனைவியின் பக்கத்தைச் சத்தமாகப் படித்து அவரை எழுப்புவது வழக்கம்.

"ஏரிக்கரைப் பூங்காவில் குட்டி ரயில். சனிக்கிழமை காலை பத்து மணி. இலவசம். சுடச்சுட சூப் உண்டு." கோப்பையைக் கீழே வைத்தார். "பரவாயில்லையே, இந்த வருஷமும் ரயில் விடறாங்களா?"

கம்பளி எழுந்து உட்கார்ந்தது.

"என்னது?"

"குட்டி ரயில். நீதானே போட்டிருக்கே?"

குட்டி ரயில் சங்கத்துக்கு வியாழக்கிழமை நாலு தடவை போன் செய்தது அவருக்கு நினைவு வந்தது. யாரும் எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை முயலலாம் என்று நினைத்தபோதுதான் விளம்பரக்காரர் ஓடி வந்தார். பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தார். போன வருடத்து வரிகள், ஒரு புள்ளி மாறாமல், அழகான கறுப்பில் இருந்தன. 

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி..." என்று தொடங்கினார் கணவர்.

"பழமொழி அப்புறம் சொல்லுங்க. வண்டியை எடுங்க."

"எங்கே போகலாம்?"

"ஏங்க!"

அவர் வாயை மூடிக்கொண்டு சாவியைத் தேடினார்.

வேனில் ஏணிக்கும் வயர்ச் சுருளுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போகலாம் அக்கா பொறுப்பாசிரியருக்குப் போன் செய்தார். மறைத்துப் பேச அவருக்கு வராது. சிவப்பு, கறுப்பு, விளம்பரம் எல்லாவற்றையும் சொன்னார்.

"எத்தனை பேர் வருவாங்க?"

"தெரியலை சார். வெயில் வேற அடிக்கும்னு சொல்றாங்க."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"போயிட்டிருக்கேன். வர்றவங்ககிட்ட கேட்ல நின்னு சொல்லிடறேன்."

"திங்கக்கிழமை பேசுவோம்" என்று சொல்லிப் பொறுப்பாசிரியர் போனை வைத்துவிட்டார். அந்த இரண்டு சொல்லும் பூங்கா வரைக்கும் அவர் மடியிலேயே உட்கார்ந்து வந்தன.

எட்டேகாலுக்கு ஏரிக்கரையில் வாத்துகளும் ஒரு காவலாளியும் மட்டும் இருந்தார்கள். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. ஏரியை ஒட்டிய வட்டத் தண்டவாளத்தில் இரவுப் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. தகரக் கொட்டகை பூட்டியிருந்தது. உள்ளே ஒரு டெலிபோன் இருப்பதாகவும், அது சனிக்கிழமை மட்டும்தான் எடுக்கப்படும் என்றும் காவலாளி சொன்னார். வியாழக்கிழமை நாலு தடவை அடித்தது அந்த டெலிபோன்தான்.

எட்டே முக்காலுக்குச் சங்கத்துக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். எல்லாரும் ஓய்வு பெற்ற மெக்கானிக்குகள். சனிக்கிழமை தோறும் கொட்டகையில் கூடி இன்ஜினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். இடுப்பு உயரம்தான் அந்த இன்ஜின். ஆனால் நிஜமான நீராவி, நிஜமான நிலக்கரி. பின்னால் கோக்கும் பெட்டிகளில் பதினாறு பேர் காலை அகட்டி உட்காரலாம். செயலாளருக்கு மட்டும் தொப்பி உண்டு. போகலாம் அக்கா நடந்ததைச் சொன்னதும் அவர் தொப்பியைக் கழற்றினார்.

"இந்த வருஷம் ஓட்ட வேண்டாம்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டோமேம்மா."

"ஏன் சார்? இன்ஜின் ரிப்பேரா?"

"இன்ஜினா? சோதனை எல்லாம் போன மாசம்தான் முடிஞ்சுது. உங்களுக்கும் எனக்கும் மூச்சு வாங்கும், அதுக்கு வாங்காது. யாரு வர்றா, சொல்லுங்க? போன வருஷம் எத்தனை பேரு தெரியுமா? முப்பத்தாறு. அதுல நாலு பேரு எங்க பொண்டாட்டிங்க."

"போன வருஷம் மழை கொட்டுச்சு சார்."

"முந்தின வருஷம்?"

"முந்தின வருஷம் நாங்க போடவே இல்லை. நீங்க போனே எடுக்கலை."

மற்ற மூன்று பேரும் டெலிபோனைப் பார்த்தார்கள். அதன் மேல் ஒரு துணி கிடந்தது.

செயலாளர் விடவில்லை. நீராவி ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆள் வேறு போதாது: ஓட்ட ஒருவர், ஏற்றி இறக்க இரண்டு பேர், சிக்னலுக்கு ஒருவர், நடைபாதை குறுக்கிடும் இடத்தில் ஒருவர் என்று ஐந்து பேர் இல்லாமல் ஓட்டக் கூடாது என்பது சங்கத்தின் விதி. "நாங்க நாலு பேரு. யாரோ ரெண்டு குடும்பம் வரும், சாரி சொல்லி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனார்.

ஒன்பது இருபதுக்கு ஏரியைச் சுற்றி வரும் பாதையில் முதல் தள்ளுவண்டி தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஒரு தாத்தா தோளில் ஒரு பேத்தி, கம்பளித் தொப்பிகளின் ஒரு நீண்ட வரிசை, பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒரே மூச்சாக இறங்கி வந்த ஒரு கூட்டம். ஒன்பதரைக்கு வரிசை கேட்டைத் தாண்டி வாத்துகள் வரைக்கும் போய்விட்டது.

செயலாளர் கோப்பையோடு கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"இவ்வளவு பேரும் நம்ம ரயிலுக்கா?"

"உங்க ரயிலுக்குத்தான் சார்."

ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டார். கோப்பையிலிருந்த தேநீரைப் புல்லில் கொட்டினார். "டேய், தண்ணி பிடிங்கடா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அறுபது வயதைத் தாண்டிய மூன்று 'டேய்'களும் ஓடினார்கள்.

"அஞ்சாவது ஆளு?" என்றார் திரும்பி.

போகலாம் அக்கா கணவரைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே பச்சைக் கொடியைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதி இருந்தது கூட்டம். ஒன்றரை மணி நேரம் குளிரில் யார் நிற்பார்கள்? போகலாம் அக்கா கேட் திண்டின் மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் மன்னிக்கணும். ரயில் பதினொன்றரைக்குத்தான் கிளம்பும். பேப்பர்ல தப்பா போட்டது நான்தான். டோக்கன் தர்றேன். வாங்கிட்டு எங்கயாவது போயிட்டு வாங்க, உங்க இடம் போகாது."

"எங்க போறது?" என்று கேட்டது ஒரு குரல்.

பதினேழு வருடமாக அவர் பதில் எழுதிக்கொண்டிருந்த கேள்வி அது. குறிப்பேட்டுத் தாளைக் கிழித்து எண் போட்டுக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"குழந்தைக்கு எத்தனை மாசம்? எட்டா? நேரா போய் இடப்பக்கம் திரும்புங்க, செடிகளை வளர்க்கற கண்ணாடி வீடு. உள்ள கதகதன்னு இருக்கும். நீங்க? ரெண்டு பேருக்கும் ஆறு வயசா? நூலகத்துல பத்தேகாலுக்கு பொம்மலாட்டம். ஏழு நிமிஷ நடை. ஓடினா நாலு."

"மேடம், நாய் இருக்கு."

"நாயை நூலகத்துல விட மாட்டாங்க. பின்பக்கம் மைதானத்துல பழைய சைக்கிள் கண்காட்சி நடக்குது, அங்க விடுவாங்க. எந்தச் சக்கரத்து மேலயும் காலைத் தூக்காம பார்த்துக்கங்க."

வரிசை சிரித்தது. தன் மூன்று சின்னப் பெண்களை இழுத்துக்கொண்டு வந்த ஓர் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"சூப் எங்க?"

"சூப் இல்லைங்க."

"போட்டிருந்தீங்களே. சுடச்சுடன்னு."

"அதுவும் தப்புதான்."

"நான் ரயிலுக்காக வரலை" என்றார் அவர் கறாராக. ஆனாலும் நாலு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போனார்.

குறிப்பேடு தீரும்போது கடைசி எண் இருநூற்றுப் பன்னிரண்டு. கூட்டத்தை எண்ணுவதில் பத்திரிகைக்காரர்கள் தாராள மனசுக்காரர்கள்; இந்த எண்ணை மட்டும் நம்பலாம்.

பதினொன்றேகாலுக்கு இன்ஜின் முதல் விசில் அடித்தது. பொம்மலாட்டத்திலிருந்தும் கண்ணாடி வீட்டிலிருந்தும் சனம் ஓடி வந்தது. காலிப் பெட்டிகளோடு ஒரு சுற்றுப் போய்ச் சரிபார்த்துவிட்டு, பதினொன்று இருபத்தெட்டுக்கு முதல் பதினாறு பேர் கிளம்பினார்கள். நடைபாதை குறுக்கிடும் இடத்தில் எலக்ட்ரீஷியன் விறைப்பாக நின்று கொடி காட்டினார். நடந்து வந்த யாரையும் அவர் தாண்ட விடவில்லை. ரயில் ஏரியின் அந்தக் கோடியில் இருந்தபோதும்கூட விடவில்லை.

போகலாம் அக்கா கேட்டிலேயே நின்றார். ஒவ்வொரு சுற்றுக்கும் பதினாறு டோக்கன் திரும்பி வந்தது. நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியபோதுதான், காலையிலிருந்து கைவிரல் விறைத்திருப்பதே அவருக்குத் தெரிந்தது. யாரும் ஏமாந்து திரும்பிப் போகவில்லை. பெருமூச்சு விட்டார், அது புகையாகப் போயிற்று.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று பக்கத்தில் வந்து நின்றார் கணவர். கொடியை இன்னும் கீழே வைக்கவில்லை.

"திங்கக்கிழமை இருக்கே."

"அது திங்கக்கிழமை. நீ போய் ஏறு, கடைசி சுற்றுல இடம் இருக்கு. எனக்குக் கொடி இருக்கு."

போகலாம் அக்கா, பதினேழு வருடத்தில் நாலாவது நிகழ்ச்சியாக, முழங்காலை மடக்கி ஒரு குட்டிப் பெட்டியில் உட்கார்ந்தார். முன்னால் சூப் அப்பா. பெண்கள் மூவரும் ஏற்கெனவே ஒரு முறை போய் வந்தாயிற்று. டோக்கன் இல்லாமல் இரண்டாவது தடவையாக ஏறியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை பொறுப்பாசிரியர் மேசையில் வாசகர் கடிதங்கள் இரண்டு இருந்தன. ஒன்று நன்றி. இன்னொன்று சூப் பற்றி.

"அந்த நிரலை விக்கறவங்ககிட்ட கேட்டுப் பார்த்தேன்" என்றார். "தப்பு வந்தா அது கேட்ல போய் நிக்குமான்னு."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. நான் மேல பேசிட்டேன். பக்கம் உங்ககிட்டயே இருக்கும்."

போகலாம் அக்கா கையிலிருந்த தாளை நீட்டினார். "அப்போ இதைப் போடணும் சார்."

பொறுப்பாசிரியர் படித்தார். 'திருத்தம்: கடந்த சனிக்கிழமை குட்டி ரயில் பத்து மணிக்கு அல்ல, பதினொன்று இருபத்தெட்டுக்குக் கிளம்பியது. சூப் வழங்கப்படவில்லை. வருந்துகிறோம்.'

"ரயில்தான் ஓடிடுச்சே. இது எதுக்கு?"

"பத்து மணின்னு போட்டேன் சார். பத்து மணிக்கு ஓடலை."

திருத்தம் வந்தது. காலி இடத்தை நிரப்ப அவர் இப்போது பழைய வரிகளைப் போடுவதில்லை. 'இது நடக்காது' என்று பெரிய எழுத்தில் போட்டு வைக்கிறார். சங்கத்தின் டெலிபோன் மேல் கிடந்த துணியை எடுத்துவிட்டார்கள். கொட்டகையில் வியாழக்கிழமையும் ஒருவர் உட்காருகிறார்.

கூட்டத்தைப் பார்த்த கமிட்டி முடிவை மாற்றிக்கொண்டது; வரும் சனிக்கிழமை குட்டி ரயில் பத்து மணிக்குக் கிளம்புகிறது. நீராவியை எட்டரைக்கே ஏற்ற ஆரம்பிப்பார்கள். மழை வந்தால் மறுநாள். சூப் உண்டு, அதை மட்டும் அவர் இரண்டு முறை போன் செய்து கேட்டுக்கொண்டார்.